ராத்திரி தூங்குகிறாயா, ஐயா?

செங்கோட்டை,
ஐப்பசி, வியாழக்கிழமை.

அன்பு மகனுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இங்கே நானும் அக்கா வீட்டில் எல்லோரும் சுகம். நீயும் மருமகளும் குட்டியும் சுகமாக இருக்க ஆரியங்காவு ஐயப்பனை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இவள் எதற்கு லெட்டர் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் போட்டால் ஒன்று டூட்டிக்குக் கிளம்புகிறேன் என்கிறாய், இல்லாவிட்டால் இப்போதுதான் டூட்டி முடிந்து வந்தேன் என்கிறாய். "நல்லாயிருக்கியாம்மா, மருந்து சாப்பிட்டியா, சரி வச்சிரவா" என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுகிறாய். லெட்டரை நீ பாதியில் வைத்துவிட முடியாது. முழுசாகப் படி.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ராத்திரி டூட்டி இல்லாத நாளில் ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிடு. படுக்கும் முன்னால் டீ குடிக்காதே. வாரம் ஒரு நாளாவது தலைக்கு நல்லெண்ணெய் வைத்துக் குளி. அங்கே நல்லெண்ணெய் கிடைக்காவிட்டால் சொல், இங்கே செக்கில் ஆட்டி அனுப்புகிறேன். இன்ஜினுக்குக் கொண்டுபோகிற லைன் பாக்ஸில் தண்ணீர் பாட்டில் இரண்டு வைத்துக்கொள். வெளியூரில் வண்டியை விட்டு இறங்கித் தங்குகிற ரன்னிங் ரூமில் போடுகிற சாப்பாடு பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே. தூக்கம்தான் முக்கியம். தூங்குகிறாயா ஐயா?

மருமகள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளைக் கூப்பிட்டு எதுவும் கேட்காதே. பெற்றவளுக்கு மகன் குரலைக் கேட்டால் தெரியாதா?

ஊர் சேதி பெரிதாக ஒன்றும் இல்லை. மழை பிடித்திருக்கிறது. பின்னால் முருங்கை சாய்ந்துவிட்டது. அக்கா மகன் பதினொன்றாம் வகுப்பில் கணக்கு எடுத்திருக்கிறான், மாமா மாதிரி ஆகணும் என்கிறான். போன வாரம் பேங்குக்குப் போய் உயிர்ச் சான்று கொடுத்துவிட்டு வந்தேன். மிஷினில் கட்டைவிரலை எத்தனை தடவை வைத்தும் ரேகை விழவில்லை. "பீடி சுத்துன கையாம்மா?" என்று கேட்டார் அந்தத் தம்பி. ஆமாம் என்றேன். இந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு இப்படித்தான் என்று சொல்லி, கண்ணைக் காட்டச் சொல்லி எடுத்துக்கொண்டார். குடும்ப பென்ஷன் தாளில் அப்பா பெயருக்கு நேரே 'கீமேன்' என்று இருந்தது. அந்த வேலையைச் சொல்லி, "அப்படின்னா என்ன வேலைம்மா?" என்று கேட்டார். பக்கத்தில் இவ்வளவு பெரிய ரயில்வே ஸ்டேஷன் இருக்கிற ஊரில், பேங்கில் உட்கார்ந்திருக்கிற படித்த பிள்ளைக்குத் தெரியவில்லை. தண்டவாளத்தை அடியில் கிடக்கிற சிலிப்பரோடு பிடித்திருக்கிற கீயைத் தினமும் நடந்தே பார்த்து இறுக்குகிற வேலை என்று, எனக்கு அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் போல இருந்தது. வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள், வந்துவிட்டேன். அன்றையிலிருந்து அப்பா நினைப்பாகவே இருக்கிறது. அதுதான் உனக்கு எழுதுகிறேன்.

அப்பா 1971-ல் மழைக்காலத்துக்கு மட்டும் என்று காஷுவல் வேலையில் சேர்ந்தவர். 21 வயது. புளியரையில் இருந்து நடந்தே பகவதிபுரம் போய் வேலை பார்ப்பாராம். மூன்று வருஷம் கழித்து, 1974 மே மாதம் 8-ம் தேதி, நாடு முழுக்க ரயில்வே ஸ்டிரைக். காஷுவல் ஆட்களிடம் பெரியவர்கள் சொன்னார்களாம், உங்களுக்கு என்ன வந்தது, நீங்கள் வேலைக்கு வாருங்கள், நிரந்தரம் ஆக்கிவிடுவார்கள் என்று. அப்பா போகவில்லை. ஸ்டிரைக்கை நடத்திய ஜார்ஜ் பெர்னாண்டஸ் படம் போட்ட நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு செங்கோட்டை ஸ்டேஷன் வாசலில் நின்றாராம். 20 நாளில் ஸ்டிரைக்கை நிறுத்திவிட்டார்கள், வேலை போய்விட்டது. அதன் பிறகு மூன்று வருஷம் மர அறுவைப் பட்டறையில் தூள் அள்ளினார். 1977-ல் ஆட்சி மாறி, ஸ்டிரைக்கில் வேலை போனவர்களைத் திரும்ப எடுத்தபோதுதான் அவருக்கும் ஆர்டர் வந்தது. அதை வைத்துத்தான் என் அப்பா எனக்கு அவரைப் பேசி முடித்தார். எங்களுக்குக் கல்யாணம் ஆனதும் ரயில்வேக்குப் போனஸ் வந்ததும் ஒன்றையொட்டித்தான். அந்த முதல் போனஸில் எடுத்த அரக்குச் சேலை இன்னும் பெட்டியில் இருக்கிறது.

ஒன்றும் தெரியாத பெண்ணாக அந்தக் கேங் குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். வாசலில் தண்டவாளம், பின்வாசலில் காடு. ராத்திரி மெயில் மலை ஏறும்போது முன்னால் ஒரு இன்ஜின் இழுக்கும், பின்னால் ஒரு இன்ஜின் தள்ளும். இரண்டும் மாறி மாறிக் கூவும். அடுப்படியில் பாத்திரமெல்லாம் அதிரும். முதல் ஒரு மாதம் நான் தூங்கவே இல்லை. அப்பா சிரிப்பார். "சத்தம் வந்தா தூங்கு, சத்தம் வரலைன்னாதான் எந்திரிக்கணும்" என்பார். வண்டி நேரத்துக்கு வரவில்லை என்றால் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

1986-ல் கீமேன் ஆனார். காலையில் ஏழு மணிக்குத் தோளில் சுத்தியலும் ஸ்பேனரும், பையில் சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, ஆபத்து என்றால் வண்டியை நிறுத்தத் தண்டவாளத்தில் கட்டுகிற பட்டாசு, நான்கைந்து பழைய கீ. போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு கிலோமீட்டர். போகும்போது ஒரு தண்டவாளம், வரும்போது மற்றது. நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது கணக்குப் போட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? வருஷம் 300 நாள், நாளுக்கு 12 கிலோமீட்டர், 15 வருஷம். 54,000 வந்தது. பூமியைச் சுற்றி வந்தாலே 40,000 கிலோமீட்டர்தான், அப்பா அதையும் தாண்டி நடந்திருக்கிறார் என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாய். அந்தத் தாளை அவர் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அது நைந்து இரண்டாகும் வரைக்கும் வைத்திருந்தார். இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை.

உனக்கு ஏழு வயதில் லீவு நாளில் அவர் பின்னாலேயே போவாய். சிலிப்பர் விட்டுச் சிலிப்பர் உன் கால் எட்டாது, குதித்துக் குதித்துப் போவாய். ஒரு நாள் உங்கள் இரண்டு பேருக்கும் சோறு கொண்டுவந்தபோது பார்த்தேன். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சுத்தியலால் கீயை ஒரு தட்டுத் தட்டினார். டங் என்றது. அடுத்ததைத் தட்டினார், டங். மூன்றாவது டப் என்று செத்த சத்தம். உன் முகத்தைப் பார்த்தார். "இது லூசுப்பா" என்றாய். அதற்குப் பிறகு உன்னையே சுத்தியலைப் பிடிக்கச் சொல்லி, உன் கைமேல் தன் கையை வைத்து அடித்து இறுக்கினார். சாமி அலமாரியில் இருக்கிறதே ஒரு தேய்ந்த கீ, அது அன்றைக்கு நீ எடுத்து வந்தது. அவர் வைத்தது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பாறை சரிந்த ராத்திரியைப் பற்றி உனக்குத் தெரியாதது இல்லை. அப்போது நீ பிறக்கவில்லை, அக்கா கைக்குழந்தை. அவர் மழைக்கால ரோந்தில் இருந்தார். அடுத்த ரோந்துக்காரரைப் பார்த்துப் புத்தகம் மாற்றிக்கொண்டு திரும்பும்போது வளைவில் பாறை விழுந்து கிடந்தது. சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டே ஓடி, 400 மீட்டரில் ஒரு பட்டாசு, 800 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் விட்டு மூன்று பட்டாசு என்று சட்டப்படி தண்டவாளத்தில் கட்டினார். அந்த மழையில், அந்த இருட்டில், காலடியை எண்ணி எண்ணி ஓடியிருக்கிறார். வண்டி ஏறியதும் பட்டாசு வெடித்தது, டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார். மதுரையில் இருந்து வந்த சர்டிபிகேட்டை இன்றும் யார் வந்தாலும் எடுத்துக் காட்டுகிறேன். நீ வேலையில் சேர்ந்தபோது உன் போட்டோவை அதற்குப் பக்கத்தில்தான் மாட்டினேன். இந்த வீட்டில் நடந்தே ஒருவர் வண்டியைக் காத்தார், இன்னொருவன் வண்டியையே ஓட்டுகிறான் என்று தெருவில் நான் சொல்லாத ஆள் இல்லை.

அப்படிப்பட்டவருக்கு இந்த ஆடியில் திவசம் கொடுக்க நீ வரவில்லை. எனக்கு அப்போது உன்மேல் கோபம்தான். டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று சொன்னவன், இரண்டு நாள் முன்னால் லீவு இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்தாய். குற்றாலத்தில் சித்தப்பா மகன்தான் எள்ளும் தண்ணீரும் விட்டான். அக்கா என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை, நீ அவனை ஒன்றும் கேட்கவே மாட்டாய் என்று. அந்த ஆடியில் அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். லீவு கிடைத்திருக்காது. சரி, அதை விடு.

ஆனால் ஒன்று. ஏதாவது மனசுக்குச் சரியில்லை என்றால் ரயில்வே டாக்டரிடம் போ. மெடிக்கலில் இறக்கிவிடுவார்கள், வண்டி ஓட்ட விடமாட்டார்கள், ஓட்டுகிற தூரத்துக்குக் கிடைக்கிற மைலேஜ் காசு போய்விடும் என்றெல்லாம் கணக்குப் பார்க்காதே. மைலேஜ் காசு இல்லாமலா உங்களை வளர்த்தோம்? வீட்டு லோனுக்கு என் பென்ஷனில் இருந்து தருகிறேன், எனக்கு என்ன செலவு இருக்கிறது. தூக்கம் வரவில்லை என்று சொல்வது ஒன்றும் அசிங்கம் இல்லை. மருமகள் எதுவும் சொல்லவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

அப்பா மழைக்கோட்டைத் தொலைத்த கதையை நீயும் அக்காவும் எத்தனை வருஷம் சொல்லிச் சிரித்தீர்கள். மழை தூறினாலே "அப்பா, கோட்டை பத்திரம்" என்று கத்துவீர்கள். அவரும் சிரிப்பார். அந்தக் கதையைப் பற்றித்தான் நான் உனக்குச் சொல்ல வேண்டும். இந்த லெட்டரை நான் மூன்று நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்று இந்த இடத்தில் வந்து நிறுத்திவிட்டேன்.

1995, ஆடி மாதம். ராத்திரி அவர் வீட்டுக்கு வரவில்லை. லைனில் ஒரு உயிர் போய்விட்டது, போலீஸ் வருகிற வரைக்கும் காவலுக்கு இருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று மேஸ்திரி வந்து சொல்லிவிட்டுப் போனார். அது அவர்களுக்குப் புதிது இல்லை. விடிந்து ஏழு மணிக்கு வந்தார். தலையில் இருந்து கால் வரைக்கும் ஈரம், பல் கிடுகிடு என்று ஆடுகிறது, மேலே கோட்டு இல்லை. வாசல்படியில் நின்று, "ஒரு பொம்பளப் பிள்ளை" என்று ஆரம்பித்தார். நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தீர்கள். "பிள்ளைக முன்னால அதெல்லாம் பேசாதீங்க, தலைக்கு ஊத்திட்டு உள்ள வாங்க" என்றேன். பின்வாசலுக்கு அனுப்பினேன். குளித்துவிட்டு வந்தவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, கோட்டு எங்கே? ரயில்வே கொடுத்த கோட்டு, சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்று எனக்குக் கவலை. தொலைந்துபோச்சு என்றார். நான் பிடித்துக்கொண்டேன். இடுப்பில் பிள்ளையையா கட்டியிருந்தீர்கள், ஒரு கோட்டைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்று அன்று சாயங்காலம் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் அதற்குப் பிறகு அந்த ராத்திரியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அந்த ஆவணியில்தான் குடிக்க ஆரம்பித்தார்.

அந்த வருஷங்களைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியது இல்லை. நீ பத்தாவது படிக்கும்போது பார்டர் கடை வாசலில் அவர் விழுந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, உன் சேக்காளிகளோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாய். வீட்டுக்கு வந்து "அந்த ஆளு" என்றாய். பாலிடெக்னிக்கில் இருந்த மூன்று வருஷமும் நீ அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பீஸ் கட்ட அவர் பணத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார், நீ அவர் போன பிறகு எடுப்பாய். நான் அப்போதெல்லாம் உன் பக்கம்தான் நின்றேன். உன் அப்பனைப் போல ஆகிவிடாதே என்று நானே உன்னிடம் சொன்னேன். 2008-ல் மாலை போட்டு மலைக்குப் போய்விட்டு வந்த பிறகு அவர் ஒரு சொட்டுத் தொடவில்லை. நீயும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாய். எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்துவிட்டேன்.

2010 செப்டம்பரில் புனலூர் லைனில் அகலப்பாதை போடுவதற்காக மீட்டர்கேஜ் வண்டியை நிறுத்தினார்கள். அந்த மாதக் கடைசியில் அவருக்கு ரிட்டயர்மெண்ட். மாலையும் சால்வையும் போட்டு, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். அப்புறம் எட்டு வருஷம் அந்தப் பாதையில் வண்டி இல்லை. அவர் சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போய்க் கொல்லம் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டு வருவார். 1904-ல் போட்ட பாதையைத் தோண்டி எடுக்கிறார்களே என்று அவருக்குத் தாங்கவில்லை. பதிமூன்று கண் பாலத்தை இடித்துவிடுவார்களோ என்று வேறு பயம். இடிக்கவில்லை, தூணுக்குச் சுற்றி கான்கிரீட் போட்டு பலப்படுத்தி அதன்மேலேயே அகலப்பாதை போட்டிருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அன்றைக்கு ஒரு தட்டுச் சோறு கூடச் சாப்பிட்டார்.

2018-ல் வண்டி விட்டார்கள். பாஸ் போட்டு என்னையும் கூட்டிக்கொண்டு புனலூர் வரைக்கும் போனார். புதுக் கம்பி, கான்கிரீட் சிலிப்பர். "இப்ப கீயே கிடையாது, எல்லாம் கிளிப்பு" என்று சின்னப் பிள்ளை மாதிரி ஜன்னலில் தலையை வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தார். பகவதிபுரம் தாண்டிக் குகைக்கு முன்னால், இரண்டு பக்கமும் மலையை வெட்டிய இடம் வருமே, அங்கே பேச்சை நிறுத்திவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"இங்கதான் அந்தப் பிள்ளை உக்காந்திருந்துச்சு" என்றார்.

குகைக்குள் போனதும் இருட்டு. அந்த இருட்டில்தான் சொன்னார். அன்றைக்கு லைன் நடை முடிந்து திரும்பும்போது அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கிறார். இருபது வயது இருக்குமாம். மதில் மேல் உட்கார்ந்திருக்கிறது. "மழை வருதும்மா, வீட்டுக்குப் போ" என்றிருக்கிறார். "போறேண்ணே" என்று சொல்லி எழுந்து நின்றதாம். அதை நம்பி இவர் நடந்துவிட்டார். கால்மணி நேரத்தில் பின்னால் இன்ஜின் விடாமல் கூவுகிறது. ஓடியிருக்கிறார். ராத்திரி முழுக்க மழை. அந்தப் பிள்ளை நனையக் கூடாது என்று தன் கோட்டைக் கழற்றி அதன்மேல் போர்த்திவிட்டு, விடிகிற வரைக்கும் பக்கத்தில் நின்றிருக்கிறார். காலையில் கோட்டோடு சேர்த்தே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கோட்டு அங்கேதான் போனது, ஐயா. அதை வைத்துத்தான் நாம் அத்தனை வருஷம் சிரித்தோம்.

அதற்குப் பிறகும் 15 வருஷம் அந்த இடத்தைத் தினமும் இரண்டு தடவை நடந்து கடந்திருக்கிறார். கூட ரெண்டு நிமிஷம் நின்று பேசியிருக்கலாமே, கையைப் பிடித்துக் கூட்டிவந்திருக்கலாமே என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாராம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்ல வந்தேன்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அப்படியே சொன்னார்.

சொல்ல வந்தார். நான்தான் பின்வாசலுக்கு அனுப்பினேன். ஒரு வாய் வெந்நீர் கொடுத்து, என்ன ஆச்சு என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் அந்தக் குடி வந்திருக்காதோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை. குடிகாரன் என்று உன்னையும் என்னோடு சேர்த்துக்கொண்டு அவரைத் திண்ணையில் தனியாக விட்டேன். 2018-ல் எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதாவது உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ அவரை ஏசிய ஏச்செல்லாம் உன் நினைவுக்கு வரும், உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று மறைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். என் தப்பு உனக்குத் தெரிந்துவிடும் என்றுதான் மறைத்தேன். அவர் போகும்போதும் நீ அவரிடம் முழு மனசாகப் பேசவில்லை. நீ பிலாஸ்பூரில் இருந்து வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டோம்.

இன்னொன்று இருக்கிறது. இதைத்தான் நான் உனக்கு எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

அன்றைக்கு அந்த வண்டியை ஓட்டிவந்த டிரைவர் இன்ஜினில் இருந்து இறங்கி வந்தாராம். நடுத்தர வயதுக்காரர். ஒன்றும் பேசாமல் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றாராம். கை நடுங்கியதாம். வண்டியை எடுக்க வேண்டிய நேரம் வந்ததும் கையை விட்டுவிட்டுப் போய்விட்டார். "உங்க மேல ஒரு தப்பும் இல்லய்யா, நீங்க என்ன செய்வீங்கன்னு ஒரு வார்த்தை நான் சொல்லிருக்கணும். வாய் வரலை. அந்த மனுஷன் அதைக் கேக்காமலே போயிட்டாரு" என்றார் அப்பா. கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் இதைத்தான் இரண்டு தடவை சொன்னார். அந்த டிரைவர் எந்த ஊர், என்ன பெயர் என்று கூட அவருக்குத் தெரியாது.

நீ முதல் முதலாக வண்டி ஓட்டிவிட்டுப் போன் செய்தபோது சொன்னாய், 58 வேகன் நிலக்கரியோடு ஓடும்போது பிரேக் போட்டாலும் ஒரு கிலோமீட்டர் போய்த்தான்மா நிக்கும் என்று. எனக்கு அது மறக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் நிறுத்த முடியாது. வண்டியை ஒதுக்கவும் முடியாது. உன்னால் ஆனது ஹாரனும் பிரேக்கும்தான். நீ இரண்டையும் செய்திருப்பாய். கொஞ்ச நேரம் முன்னால் பார்த்திருந்தால் என்று நீ படுத்துக்கொண்டு கணக்குப் போடுவாய் என்று எனக்குத் தெரியும், நீ அவர் பிள்ளை. உன்மேல் ஒரு தப்பும் இல்லை, ஐயா. அப்பா சொல்லாமல் விட்ட வார்த்தையை நான் உனக்குச் சொல்கிறேன். நீ என்ன செய்வாய்? உன்மேல் ஒரு தப்பும் இல்லை.

மருமகளைத் திட்டாதே. அவள் அழுதுகொண்டே சொன்னாள், நான்தான் வற்புறுத்திக் கேட்டேன். நீ அவளிடமாவது பேசு. குட்டி தூங்கின பிறகு லைட்டை அணைத்துவிட்டுப் பேசு. இருட்டில் சொல்வது சுலபமாக இருக்கும். அவள் கேட்பாள். அவள் என்னைப் போல இல்லை.

இந்த வருஷத்துப் பாஸை நான் இன்னும் எடுக்கவில்லை. திருநெல்வேலியில் இருந்து பிலாஸ்பூருக்கு வாரத்தில் ஒரு நாள் நேர் வண்டி இருக்கிறது என்று அக்கா மகன் போனில் பார்த்துச் சொன்னான். அடுத்த வாரத்துக்கு ரிசர்வேஷன் போடச் சொல்லியிருக்கிறேன். கீழ் பெர்த் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் வருவேன். அங்கே குளிரும் என்று அக்கா ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். நல்லெண்ணெய், நார்த்தங்காய் ஊறுகாய், குட்டிக்கு முறுக்கு எல்லாம் கட்டிவிட்டேன். எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்காதே.

நீ டூட்டியில் இருந்தாலும் லீவில் இருந்தாலும் ஸ்டேஷனுக்கு வா. வேறு யாரையும் அனுப்பாதே. அந்த ஊர் பாஷை எனக்குத் தெரியாது, இறங்கின இடத்திலேயே நிற்பேன்.

இன்றைக்கு ராத்திரி எண்ணெய் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வெந்நீரில் குளித்துவிட்டுப் படு.

இப்படிக்கு,
அம்மா.